சிங்கப்பூர்ல சீப்... திருச்சி வரைக்கும்!

‘‘மச்சி, சிங்கப்பூர் போறியாமே... வரும்போது ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாடா!’’

பாஸ்போர்ட் கையில் வந்த மறுநாளே இந்த டயலாக்கைக் கேட்காத ஆள் திருச்சி பக்கம் உண்டா? எனக்கும் கேட்டது. 2023 டிசம்பர். ஃபைனல் இயர். செமஸ்டர் லீவில் பத்து நாள் வந்துட்டுப் போன்னு சித்தப்பா டிக்கெட் போட்டிருந்தார். மத்தவங்க சென்ட், சாக்லெட்னு கேட்பாங்க. நம்ம பசங்க கேட்டது கிராபிக்ஸ் கார்டு!

காரணம் எங்க ப்ராஜெக்ட். வாழை இலையை போட்டோ எடுத்துக் கொடுத்தா அது என்ன நோய்னு கம்ப்யூட்டரே சொல்லணும். லால்குடி பக்கம் வாழைத்தோப்பு வெச்சிருக்கிற ஷாகிரா வீட்டில் பிறந்த ஐடியா. இலைப் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்தாச்சு. ஆனா காலேஜ் லேப் கம்ப்யூட்டர்ல அதைப் பழக்க ஆரம்பிச்சா, அது மூச்சு வாங்குற சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும். நல்ல கார்டு ஒண்ணு இருந்தாத்தான் மார்ச்சுக்குள்ள முடியும்.

நான், ஷாகிரா, செந்தில், பிரபு. ஆளுக்கு 14,000 போட்டு 56,000 தேத்தினோம். ஷாகிரா பங்கு அவங்க அம்மா சீட்டு எடுத்த பணம். செந்தில் பங்கு கேட்டரிங் வேலைக்குப் போய் சேர்த்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போன் போட்டு விசாரிச்சா ஆர்.டி.எக்ஸ். 4070, 12 ஜி.பி. கார்டு 58,500 ரூபாய். மேற்கொண்டு 2,500 இடிக்குது.

‘‘சிங்கப்பூர்ல சீப்டா!’’ என்றான் பிரபு. எங்க நாலு பேர்ல ஒருத்தனும் அதுவரைக்கும் சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. ஆனா அங்கே எல்லாமே சீப்னு நாலு பேருக்கும் தெரியும். எப்படித்தான் தெரியுமோ!

கூரியர் ஏன் வேண்டாம்?

‘வெளிநாட்டு வெப்சைட்ல ஆர்டர் பண்ணா வீட்டுக்கே வந்துடுமே, இதுக்கு எதுக்குடா நீ சுமக்கணும்?’னு நீங்க கேட்கலாம். நாங்களும் யோசிச்சோம். அப்போ சீனியர்கள் ரெண்டு பேர் தங்களோட பழைய பில்களைக் காட்டினாங்க. நண்பர்களே, அது பில் இல்லை, பேய்க் கதை!

தனிப்பட்ட உபயோகத்துக்குன்னு தபாலிலோ கூரியரிலோ வரவழைக்கிற பொருளுக்குச் சுங்க அட்டவணையில் தனியா ஒரு தலைப்பு இருக்கு. எண் 9804. உள்ளே இருக்கிறது கீபோர்டா, கிராபிக்ஸ் கார்டான்னு அது பார்க்காது. ஒரு சீனியர் பில்லில் அடிப்படை வரி 10 சதவீதம், அந்த வரி மேல பத்தில் ஒரு பங்கு சர்சார்ஜ், எல்லாம் கூட்டி அதுக்கு மேல 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. மொத்தம் 42.08 சதவீதம். இன்னொருத்தர் பில்லில் அடிப்படை வரியே 35. அதே மாதிரி கூட்டிக்கிட்டே போனா 77.28 சதவீதம்! 10,000 ரூபாய் கீபோர்டுக்கு 7,728 ரூபாய் வரி. இதுல இன்னொரு விஷயம், வரி பொருளோட விலைக்கு மட்டும் இல்லை. கப்பல் கூலியோ விமானக் கூலியோ இன்சூரன்ஸோ, அதையும் விலையோட சேர்த்துத்தான் வரி.

‘கிஃப்ட்’னு எழுதச் சொல்லி அனுப்பினா? அந்தக் கதவு 2019 டிசம்பரிலேயே மூடியாச்சு. அதுக்கு முன்னாடி 5,000 ரூபாய் வரைக்கும் கிஃப்ட்டுக்கு வரி கிடையாது. ஊரே ஒருத்தருக்கொருத்தர் கிஃப்ட் அனுப்ப ஆரம்பிச்சா கவர்மென்ட் சும்மா இருக்குமா?

ஆக, கையில் தூக்கிட்டு வர்றதுதான் வழின்னு முடிவாச்சு. தூக்குற ஆள் அடியேன்.

சிம் லிம் ஸ்கொயர்

ரோச்சோர் எம்.ஆர்.டி. ஸ்டேஷன்ல ஏறி வெளியே வந்தா எதிரே நிக்குது சிம் லிம் ஸ்கொயர். 1980-களில் கட்டின கட்டடம். வெளியே பார்த்தா நம்ம ஊர் பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மாதிரிதான். சிங்கப்பூர்னா கண்ணாடி மாளிகைன்னு நினைச்சுப் போனவனுக்கு லேசா ஏமாற்றம். இந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தா தேக்கா மார்க்கெட், சிராங்கூன் ரோடு, மல்லிகைப்பூ, இட்லி. அந்தப் பக்கம் நடந்தா வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயில், அதுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணன் கோயில். குவான் இம்மைக் கும்பிட்டு வர்ற சீனப் பாட்டிகள் அப்படியே கிருஷ்ணருக்கும் ஊதுபத்தி காட்டிட்டுப் போறாங்க. பார்க்க அவ்வளவு அழகு! நானும் ரெண்டு இடத்திலும் நின்னு, ‘விலை படியணும் சாமி’ன்னு வேண்டிக்கிட்டேன்.

உள்ளே எஸ்கலேட்டர்ல மேலே போகப் போகத்தான் நம்ம உலகம் ஆரம்பிக்குது. கீழே போன், கேமரா. மேல் மாடிகளில் மதர்போர்டு, ராம், கேபினெட், ஃபேன். சில கடை வாசலில் விலைப்பட்டியலையே தாளில் அச்சடிச்சு வெச்சிருக்காங்க. ஒண்ணை எடுத்துக்கிட்டு அடுத்த கடைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம், யாரும் முறைக்கிறதில்லை. நம்ம ஊர்ல விலை கேட்டுட்டு வாங்காம நகர்ந்தா கிடைக்குமே ஒரு பார்வை... அது இங்கே மிஸ்ஸிங்!

பேனாவோட நாலு மாடி ஏறி இறங்கினேன். கடைசியா ஒரு கடையில் 869 வெள்ளிக்கு முடிஞ்சது. சிங்கப்பூர் டாலரை அங்கே நம்ம ஆளுங்க வெள்ளின்னுதான் சொல்றாங்க. ஒரு வெள்ளிக்கு 62 ரூபாய் 50 காசுன்னு வெச்சுக்கிட்டா 54,312 ரூபாய்.

இங்கே ஒரு நல்ல செய்தி. சிங்கப்பூரில் மது, புகையிலை, வண்டி, பெட்ரோலியம்னு நாலு வகைக்குத்தான் இறக்குமதித் தீர்வை. கம்ப்யூட்டர் சாமான் எதுக்கும் கிடையாது. ஜி.எஸ்.டி. மட்டும் உண்டு. நான் போனப்போ 8 சதவீதம். ‘ஜனவரி 1-லேருந்து 9 ஆகுது, சீக்கிரம் வாங்கு’ன்னு கடைக்காரர் அவசரப்படுத்தினார். (2024-ல் சொன்னபடி 9 ஆயிடுச்சு.) அந்த ஜி.எஸ்.டி.யும் டூரிஸ்ட்டுக்குத் திரும்பக் கிடைக்கும். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி, 100 வெள்ளிக்குக் குறையாம வாங்கி, ஊருக்குக் கிளம்பும்போது ஏர்போர்ட்டில் பதிஞ்சா போதும். 869 வெள்ளியில் 64 வெள்ளி சொச்சம் ஜி.எஸ்.டி. நடுவுல கட்டணம் பிடிச்சது போக என் கணக்குக்கு 52 வெள்ளி வந்தது. 3,250 ரூபாய்!

கூடவே ஒரு கெட்ட செய்தி. என் பேங்க் கார்டைத் தேய்ச்சதுக்கு, வெளிநாட்டுப் பணம்னு மூன்றரை சதவீதம் போட்டுட்டான். 1,901 ரூபாய். ஒரு கை கொடுக்க, இன்னொரு கை எடுக்க... வாழ்க்கைடா!

சித்தப்பாவின் அன்பு

கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி யீஷுன் வீட்டில் பெட்டி கட்டுறோம். சித்தி கோடாலித் தைலம், மைலோ, சாக்லெட்னு ஓரத்தை நிரப்பிட்டாங்க. கடைசியா சித்தப்பா ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

‘‘இதை அண்ணன்கிட்ட குடு. அவர் போன் உடைஞ்சு ரப்பர் பேண்டு போட்டுல்ல வெச்சிருக்காரு.’’

புது செல்போன். 349 வெள்ளி. அதாவது 21,812 ரூபாய். அப்பாவுக்கு அவர் தம்பி தர்றது. வேண்டாம்னு எப்படிச் சொல்ல? ஆனா என் மண்டைக்குள்ள கால்குலேட்டர் ஓட ஆரம்பிச்சிடுச்சு.

வெளிநாட்டிலிருந்து திரும்புற நம்ம ஆளுக்கு அப்போ இருந்த விதி, 2016-ல் வந்த பேக்கேஜ் ரூல்ஸ். உடுத்தின துணிமணி போக, 50,000 ரூபாய் பொருள் வரைக்கும் வரி கிடையாது. கார்டு மட்டும்னா 4,312 ரூபாய்தான் மிஞ்சும். அதுக்கு வரி கட்டினாலும் லாபம்தான்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். இப்போ போனும் சேர்ந்தா 76,124. காசு யார் கொடுத்தாலும், பரிசா இருந்தாலும், என் பெட்டியில் இருந்தா என் கணக்கு. ‘கார்டை நாலு பேர் பங்கு போட்டு வாங்கினோம், அதனால நாலு 50,000’னும் சொல்ல முடியாது. பக்கத்து சீட்டுக்காரர் வரம்பையும் கடன் வாங்க முடியாது. ஒரு பயணிக்கு ஒரு வரம்பு.

சித்தப்பாவிடம் சொன்னேன். சிரிச்சார். ‘‘இதுக்காடா முழிக்கிறே? டப்பாவைக் கிழிச்சு எறி. கார்டை சட்டையில சுத்தி அடியில வை. பச்சை வழியில நேரா நடந்து போ. எத்தனை பேர் போறான்!’’

ஏர்போர்ட்டில் இன்னொரு அனுபவம். வரிசையில் நிக்கிறப்போ ஒரு அண்ணன் பக்கத்தில் வந்தார். ‘‘தம்பி திருச்சியா? ஒரு கிலோதான், ஒரு சின்ன பார்சல். அங்கே ஆள் வந்து வாங்கிக்குவாங்க. செலவுக்கு ஏதாவது தர்றேன்.’’ நம்ம ஊர் பாஷையில் இதுக்குப் பேர் குருவி. அந்தப் பார்சலுக்குள் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணு உங்க பேர்ல போகக் கூடாது ஃப்ரெண்ட்ஸ். மாட்டினா அந்த அண்ணன் வர மாட்டார், உங்க பாஸ்போர்ட்தான் மேஜையில் இருக்கும். கும்பிடு போட்டுட்டு நகர்ந்தேன்.

பச்சையா? சிவப்பா?

நாலு மணி நேரப் பயணத்தில் தூக்கமே வரலை. திருச்சியில் இறங்கி, இமிக்ரேஷன் முடிச்சு, பெட்டி எடுத்து நிக்கிறேன். எதிரே ரெண்டு வழி. அறிவிக்க எதுவும் இல்லாதவங்களுக்குப் பச்சை. இருக்கிறவங்களுக்குச் சிவப்பு. பச்சை வழியில் சந்தை மாதிரி கூட்டம். சிவப்பு வழியில் ஈ ஓட்டுறாங்க.

டப்பாவை நான் கிழிக்கலை. பெட்டியில் மேலாகவே இருந்தது. நான் பெரிய யோக்கியன்னு சொல்லிக்க வரலை. கால் பச்சைப் பக்கம்தான் திரும்புச்சு. பொய் சொன்னா பொருளையே பறிமுதல் பண்ணலாம், மேல அபராதமும் போடலாம். 1962-ம் வருஷத்துக் கஸ்டம்ஸ் சட்டத்தில் இருக்கு. போனது என் காசுன்னா கூட பரவாயில்லை. உள்ளே இருக்கிறது ஷாகிரா அம்மாவோட சீட்டுப் பணம். செந்தில் கல்யாண மண்டபத்தில் இலை போட்ட பணம்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியே காத்துக்கிட்டு இருக்கிறது எங்க அப்பா. டவுன் பஸ் கண்டக்டர். சொந்த மச்சான் மூட்டையோட ஏறினாலும் லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டுத்தான் நலம் விசாரிப்பார்.

சிவப்பு வழியில் நுழைஞ்சேன்.

ஆபீஸர் நிமிர்ந்து பார்த்தார். ‘‘என்ன தம்பி... அனுப்பி வெச்சாங்களா, நீயா வந்தியா?’’

‘‘நானாத்தான் சார்.’’

அவருக்கே கொஞ்சம் ஆச்சர்யம். பில்லை வாங்கிப் பார்த்தார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘இது லேப்டாப்பா?’’

‘‘இல்ல சார். கம்ப்யூட்டருக்குள்ள மாட்டுற கார்டு.’’

‘‘அடடா! லேப்டாப்னா 18 வயசு ஆனவங்களுக்கு ஒண்ணு ஃப்ரீ. இதுக்கு அந்தச் சலுகை இல்லையே!’’

ஐயோ! ஒரு லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப்பைத் தோளில் மாட்டிட்டு வந்திருந்தா காசு கிடையாது. அதுக்குள்ள இருக்கிற ஒரு உறுப்பைத் தனியா கொண்டு வந்தா உண்டு.

தைலத்தையும் சாக்லெட்டையும் சிரிச்சுக்கிட்டே ஒதுக்கிட்டார். கார்டு, போன் ரெண்டும் 76,124. அதுல 50,000 கழிச்சா 26,124. அதுக்கு 38.5 சதவீதம். அடிப்படை வரி 35, அதுல பத்தில் ஒரு பங்கு சர்சார்ஜ் மூன்றரை. கட்ட வேண்டியது 10,058 ரூபாய்!

‘‘ஏன் சார், கார்டுக்கும் போனுக்கும் ஒரே வரியா?’’

‘‘தங்கம், மது மாதிரி சிலதைத் தவிர, பெட்டியில வர்ற எல்லாத்துக்கும் ஒரே விகிதம்தான் தம்பி. ஒவ்வொருத்தர் பெட்டியையும் திறந்து, ஒவ்வொரு பொருளுக்கும் புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தா, வரிசை புதுக்கோட்டை வரைக்கும் நிக்கும்.’’

நியாயம்தான். ஆனா 10,058! அப்பாவுக்குப் போன் போட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், ‘‘கட்டிட்டு ரசீது வாங்கிட்டு வா’’ன்னார்.

மூணு நியாயம்

மறுநாள் காலேஜ் கேன்டீன். கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து முடிச்சதும் பிரச்னை ஆரம்பிச்சது. 10,058 யார் கட்டுறது?

பிரபு சொன்னான்: ‘‘மாப்ள, போன் உன் வீட்டு விசேஷம். அது இல்லேன்னா கார்டுக்கு 1,660-தான் வரி. அதுதான் எங்க கணக்கு.’’

செந்தில் மாத்திச் சொன்னான்: ‘‘டேய், 50,000 வரம்பு அவனோடதுடா. அவன் போனுக்கு அதை முதல்ல எடுத்துக்கிட்டா, மிச்ச வரி மொத்தமும் கார்டுக்குத்தான் வரும். இனாமா தூக்கிட்டு வந்தவன் தலையில ஏன் கட்டுறே?’’

ஷாகிரா நோட்டில் வகுத்துப் பார்த்தாள்: ‘‘விலை விகிதத்துல பிரிச்சா கார்டுக்கு 7,176. போனுக்கு 2,882. இதுதான் சரி.’’

மூணுமே நியாயம். மூணுக்கும் விடை வேற வேற. எனக்கு ஷாகிரா கணக்கு பிடிச்சிருந்தது. அதே சமயம், அந்த 7,176-ல் அவ பங்கு 1,794-ஐ அவங்க அம்மாகிட்ட போய் எப்படிக் கேட்பாள்னும் தோணுச்சு.

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டே கேட்டார். கை கழுவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்: ‘‘நீ கிளம்புறப்பவே கார்டு வாங்கத்தானே கிளம்பினே? போன் கடைசி ஸ்டாப்புல ஏறினது. முதல்ல ஏறினவனுக்குத்தான் சீட்டு. நின்னுக்கிட்டு வந்ததுக்கு நான் டிக்கெட் எடுத்துக்கிறேன்.’’

8,398 ரூபாயை அவரே ஏத்துக்கிட்டார். 21,812 ரூபாய் போன் 30,210 ஆச்சு. அதே போன் திருச்சிக் கடையில் 24,000. தம்பி ஆசையா கொடுத்த பரிசு, வாங்கிக்கிட்ட அண்ணனுக்கு 8,398 ரூபாய் செலவு. சித்தப்பாவுக்கு இதுவரைக்கும் இந்த விஷயம் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்லிடாதீங்க!

எங்க கார்டு கணக்கு இதுதான். 54,312-ல் பேங்க் பிடிச்ச 1,901-ஐயும் வரி 1,660-ஐயும் கூட்டி, திரும்பி வந்த 3,250-ஐக் கழிச்சா 54,623. ரிச்சி ஸ்ட்ரீட் விலையை விட 3,877 ரூபாய் குறைவு. ஆளுக்கு 969 ரூபாய் லாபம். ஜெயிச்சுட்டோம்னு டீ குடிச்சோம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பாடம்

அந்தச் சந்தோஷம் பொங்கல் வரைக்கும்தான். கார்டுக்குத் தீனி போட எங்க பழைய எஸ்.எம்.பி.எஸ். பத்தலை. புதுசு வாங்க நானும் செந்திலும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கினோம். ரிச்சி ஸ்ட்ரீட்!

அண்ணா சாலையிலிருந்து ஒரு எட்டு. காசினோ தியேட்டர் பக்கம். ஒரு காலத்தில் ரேடியோ சாமான் விற்ற தெரு, இப்போ கம்ப்யூட்டர் சமுத்திரம். சிம் லிம்மில் ஏ.சி. உண்டு, எஸ்கலேட்டர் உண்டு. இங்கே டூ வீலர் இடுக்கில் உடம்பைச் சுருக்கித்தான் நடக்கணும். தலைக்கு மேல ஒயர், காலுக்குக் கீழ தண்ணி, காதுக்குள்ள ‘என்னண்ணே வேணும், சிசிடிவியா, டோனரா?’ ஆனா ஒரு ஸ்க்ரூ வேணும்னா கூட ஒரு ஸ்க்ரூ மட்டும் கொடுக்கிற ஊர் இது. எனக்கு ரெண்டு இடமும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரிஞ்சது.

எஸ்.எம்.பி.எஸ். எடுத்த கடையில் பெருமையா எங்க சிங்கப்பூர் கதையை எடுத்து விட்டேன். கடைக்கார அண்ணன் பொறுமையா கேட்டுட்டு, அதே கார்டை இன்னொருத்தருக்கு விற்ற பில் நகலைத் திருப்பிக் காட்டினார்.

‘‘58,500 பார்த்தே. கீழே பார்த்தியா?’’

கீழே ரெண்டு வரி. மத்திய ஜி.எஸ்.டி. 9, மாநில ஜி.எஸ்.டி. 9. மொத்தம் 18 சதவீதம், 8,924 ரூபாய். அதைக் கழிச்சா கார்டோட விலை 49,576.

‘‘இப்போ உன் சிங்கப்பூர் பில்லுல வரியைக் கழிச்சுப் பாரு.’’

869-ல் 8 சதவீத வரி போனா 804 வெள்ளி 63 காசு. ரூபாயில் 50,289.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரியை எடுத்துட்டுப் பார்த்தா, அந்த ஏ.சி. மாடியை விட இந்தச் சந்துக்குள்ள கார்டு 713 ரூபாய் கம்மி! ‘சிங்கப்பூர்ல சீப்’னு நாங்க நம்பினது கார்டோட விலையே இல்லை. ரெண்டு நாட்டு வரிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ளதான் நான் பெட்டியைத் தூக்கிட்டு ஓடியிருக்கேன்.

‘‘அண்ணே, உங்களுக்கு இறக்குமதிக்கு 38.5 கிடையாதா?’’

‘‘கன்டெய்னர்ல வர்றது கிராபிக்ஸ் கார்டுன்னே வரும் தம்பி, 8473-ங்கிற தலைப்புல. அதுக்கு அடிப்படை வரி பூஜ்யம். ஜி.எஸ்.டி. மட்டும்தான்.’’

ஏன் பூஜ்யம்? அப்புறம் தேடிப் படிச்சேன். 1996 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் முதல் அமைச்சர்கள் மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம்னு ஒண்ணு பிறந்தது. கம்ப்யூட்டருக்கும் அதன் உறுப்புகளுக்கும் இறக்குமதித் தீர்வையைப் படிப்படியா நீக்கணும்னு பல நாடுகள் கையெழுத்துப் போட்டன. 1997-ல் இந்தியாவும் சேர்ந்தது. மாநாடு நடந்த ஊர் எது தெரியுமா? சிங்கப்பூர்! அங்கே பிறந்த சலுகை, ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்கு வந்து சேர்ந்திருச்சு. அங்கேயே போய் வாங்கிட்டு வந்த என் பெட்டிக்கு வரலை. பொருள் ஒண்ணுதான். கன்டெய்னரில் வந்தா அது கிராபிக்ஸ் கார்டு. பெட்டியில் வந்தா வெறும் ‘லக்கேஜ்’. கூரியரில் வந்தா ‘சொந்த உபயோகம்’. எந்த வாசல் வழியா உள்ளே வருதோ, அதைப் பொறுத்து வரி.

கடைசியா அண்ணன் இன்னொரு ஊசியையும் ஏத்தினார். ‘‘வாரன்ட்டி கார்டைப் படிச்சியா? நிறைய பிராண்டுல வாங்கின நாட்டுலதான் சர்வீஸ். ரிப்பேர் ஆச்சுன்னா ஆளுக்கு 969-ஐ வெச்சு சிங்கப்பூர் போயிட்டு வருவியா?’’

செந்தில் என்னைப் பார்த்தான். நான் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்த்தேன்.

போறதுக்கு முன்னாடி...

நல்லவேளை, கார்டு கைவிடலை. மார்ச்சில் ப்ராஜெக்ட் முடிஞ்சது. இலையைப் பார்த்து நோயைச் சொன்னது. ஷாகிராவோட அம்மா தோப்பிலிருந்து ஒரு தார் ரஸ்தாளி அனுப்பி வெச்சாங்க. அந்தத் தாருக்கு வரி இல்லை!

இந்த வருஷம் யாராவது சிங்கப்பூர், துபாய், மலேசியான்னு கிளம்புறீங்களா? ‘அங்கே என்ன விலை’ன்னு மட்டும் கேட்காதீங்க. ‘என் மேஜைக்கு வந்து சேரும்போது என்ன விலை’ன்னு கேளுங்க. அங்கத்திய வரி, அதில் திரும்பி வர்றது, பேங்க் கமிஷன், நம்ம ஊர் டூட்டி, வாரன்ட்டி... அஞ்சையும் ஒரு தாளில் எழுதுங்க. பக்கத்திலேயே ரிச்சி ஸ்ட்ரீட் விலையையும் எழுதுங்க. பெட்டியில் வேற என்னென்ன வருதுங்கிறதை மறக்காம சேருங்க. சித்தப்பாக்களின் அன்பு உட்பட! நான் சொன்னதெல்லாம் 2023 டிசம்பர் கணக்கு. 2025 செப்டம்பரில் நம்ம ஜி.எஸ்.டி.யில் 28 சதவீத அடுக்கே போயாச்சு. சுங்க விகிதங்களும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக் கூடியவை. கிளம்புற வாரத்தில் கஸ்டம்ஸ் வெப்சைட்டைப் பார்த்து புது எண்களைப் போட்டுக்குங்க.

அப்பா அந்த போனைப் பத்திரமா வெச்சிருக்கார். கவருக்கும் போனுக்கும் நடுவில் ஏதோ தாள் மடிச்சு வெச்சிருக்கிற மாதிரி தெரிஞ்சது. ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். அன்னைக்கு ஏர்போர்ட்டில் கொடுத்த டூட்டி ரசீது.

‘‘இதை ஏன்பா இன்னும் வெச்சிருக்கீங்க?’’

‘‘டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு உட்காருவாங்களா? திடீர்னு செக்கிங் வந்தா காட்டணும்ல!’’